சிக்னல் இல்லாத காட்டுக்கும் ஒரு செயலி

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மகாதேவ் சத்யநாராயணன் 1996-இல் ஒரு சிறு ஆய்வுரை எழுதினார். கையோடு எடுத்துச்செல்லும் கணினிக்கு என்றும் நீங்காத நான்கு கட்டுப்பாடுகள் உண்டு என்பது அதன் சாரம். மேசையில் நிலையாக இருக்கும் கணினியைவிட அதன் வலிமை எப்போதும் ஒருபடி குறைவாகவே இருக்கும். அது தொலையும், விழுந்து உடையும். அதன் இணைப்பு இடத்துக்கு இடம் வேகத்திலும் நம்பகத்திலும் மாறும். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் உண்டோ அவ்வளவுதான் அதன் ஆயுள். ஐபோனும் ஆண்ட்ராய்டும் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட அந்த நான்கில் ஒன்றுகூட இன்றுவரை பொய்க்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று போகும் கரிசல் மண்ணில் இந்த நான்கையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 700 மி.மீ. அளவில் பெய்யும் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அதை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் காடு. ஊருக்குள் நன்றாக எடுக்கும் சிக்னல் காட்டுக்குள் போனால் கம்பி கம்பியாகக் குறையும். கையில் இருப்பது விலை குறைந்த செல்போன், உச்சிவெயிலில் மங்கித் தெரியும் திரை. மொபைல் கம்ப்யூட்டிங் என்ற படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சோதனைக்களம் கிடைப்பது அரிது. இந்த மண்ணின் பிள்ளைகள் அந்தப் படிப்பை இந்த மண்ணிலிருந்தே கற்க வேண்டும், அப்படிக் கற்றால்தான் அது முழுமையான கல்வி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாடமும் ஆய்வகமும்

கோவில்பட்டியில் தொழில்நுட்பக் கல்விக்குப் பஞ்சமில்லை. தீப்பெட்டிக்கும் நூற்பாலைக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற ஊரில் 1984-இல் கே. ராமசாமி நிறுவிய நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையிலேயே கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி வந்துவிட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் கணினிப் படிப்புக்குள் நுழைந்தது இத்தகைய கல்லூரிகளின் வழியாகத்தான்.

அவர்கள் என்ன கற்றார்கள்? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் கணினி அறிவியல் மாணவர் ஆறாம் பருவத்தில் மொபைல் கம்ப்யூட்டிங் பாடத்தையும், அதோடு செயலி உருவாக்கத்துக்கான ஆய்வகத்தையும் முடிக்க வேண்டியிருந்தது. பாடத்தில் ஜி.எஸ்.எம். வலையமைப்பின் கட்டமைப்பு, ஒரே அலைவரிசையைப் பலர் பகிரும் முறைகள், இடம்பெயரும் கருவிக்கும் முகவரி மாறாமல் காக்கும் மொபைல் ஐ.பி., டவரே இல்லாமல் கருவிகள் தமக்குள் வழிகண்டு பேசும் வலையமைப்புகள் என ஆழமான செய்திகள் இருந்தன. ஆய்வகப் பட்டியலில் கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், எஸ்.டி. கார்டில் எழுதும் செயலி, ஜி.பி.எஸ். கொண்டு இடத்தைக் காட்டும் செயலி போன்றவை இருந்தன.

இரண்டும் தனித்தனியே நல்லவைதான். ஆனால் இரண்டையும் இணைக்கும் பாலம் கட்டப்படவில்லை. இணைப்பு ஏன் அறுகிறது என்று பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்த மாணவர், ஆய்வகத்தில் எழுதுவது இணைப்பே தேவைப்படாத கால்குலேட்டர். அல்லது வைஃபை அறாத அறைக்குள் ஓடும் செயலி. பாதியில் இணைப்பு போனால் என் செயலி என்ன செய்யும் என்ற கேள்வியை அவர் மதிப்பெண்ணுக்காகச் சந்திக்கவே இல்லை. 2021 பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் துறைக்குச் செயலி உருவாக்கம் விருப்பப்பாட வரிசைக்குப் போய்விட்டது. அங்கே அது இணையதளம் கட்டும் கலையின் ஒரு கிளையாகவே நிற்கிறது. அலைகளைப் பற்றிய பாடம் பின்னே போய், திரையைப் பற்றிய பாடம் முன்னே வந்திருக்கிறது. வேலைச் சந்தை கேட்பது அதைத்தான். கரிசல் காடு கேட்பது இரண்டையும் சேர்த்து.

வடமலாபுரத்துக்காரரின் மருத்துவமனை

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் மதுரையில் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கரிசல்காட்டுக்காரர். கண் மருத்துவருக்காகக் கிராமத்து ஆள் நகரத்துக்கு அலையக் கூடாது என்ற அவருடைய நோக்கம், கம்பியில்லாத் தொடர்பின் வரலாற்றிலும் ஓர் இடத்தைப் பெற்றது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை, ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவுக்குக் குரலையும் இணையத்தையும் கொண்டுபோனது. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அதைக்கொண்டு கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அங்கிருந்து நோயாளிகளின் கண் படங்கள் அரவிந்துக்கு அனுப்பப்பட்டன. ஆனால் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் படம் போகும். மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச முடியாது.

அடுத்த கட்டம் தேனியில் நடந்தது. 2005-06 வாக்கில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு, அங்குள்ள அரவிந்த் மருத்துவமனையையும் கிராமப்புறக் கண் மையங்களையும் சாதாரண வைஃபை கருவிகளால் இணைத்தது. வீட்டுக்குள் சில பத்து மீட்டருக்காக உருவான வைஃபையை, திசை குறித்த ஆன்டெனா பூட்டி மைல் கணக்கில் நீட்டினார்கள். அலை போய்ச் சேர்ந்தது. ஆனால் தகவல் நகரவில்லை.

காரணம் அலையில் இல்லை, வைஃபையின் பேச்சுமுறையில் இருந்தது. ஒரு கருவி தகவல் பொட்டலம் ஒன்றை அனுப்பினால், பெற்ற கருவி ‘கிடைத்தது’ என்று உடனே பதில் சொல்ல வேண்டும். சில பத்து மைக்ரோநொடிக்குள் பதில் வராவிட்டால், பொட்டலம் தொலைந்ததாக முடிவுகட்டி அனுப்பிய கருவி மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். 15 கி.மீ. போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி. எனவே, பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். போய்ச் சேர்ந்த பொட்டலமே திரும்பத் திரும்பப் போகும், வேகம் வீழும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் கேட்பதை விட்டுவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றி எழுதினார்கள். வன்பொருள் அதே மலிவுச் சரக்குதான். 2007-இல் ஆய்வுலகுக்கு முன்வைக்கப்பட்ட இந்த மாற்றத்தால், கண் மையத்தில் அமர்ந்த நோயாளியும் தேனியில் இருந்த மருத்துவரும் தெளிவான காணொளியில் பேச முடிந்தது.

அதே குழுவினர் 2008-இல் எழுதிய ஆய்வுரை அதைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். அலையைவிட அதிகம் தொல்லை கொடுத்தது மின்சாரம் என்று அதில் பதிவுசெய்தார்கள். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தும் தாழ்ந்தும் கருவிகளைக் கெடுத்தது. உள்ளூர் ஊழியர்களுக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் வலையமைப்பு நிலைத்தது. அறிவு உள்ளூரில் வேர்விடாத தொழில்நுட்பம் கிராமத்தில் தங்காது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

விதைப்புப் பதிவு: ஒரு பயிற்சி

தேனியின் பாடத்தைச் செயலிக்குக் கொண்டுவருவோம். மூன்றாம் ஆண்டு மாணவருக்கு இப்படி ஒரு பயிற்சி தரலாம். புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கும் உழவர், எந்தக் காட்டில் என்ன பயிரை எந்த நாளில் விதைத்தார் என்று காட்டில் நின்றபடியே பதிய ஒரு செயலி. சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, தேதி, இடக்குறிப்பு, ஒரு புகைப்படம் போதும். மழை பொய்த்தாலும் அளவு மீறிப் பெய்தாலும் காப்பீட்டை நம்பியிருக்கும் மானாவாரி உழவருக்கு இந்தப் பதிவு வெறும் தகவல் அன்று, உரிமைக்கான சான்று.

முதல் கேள்வி, காட்டில் சிக்னல் இல்லையென்றால் என்ன ஆகும்? இதற்கான விடை 1990-களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. சத்யநாராயணனின் குழு உருவாக்கிய கோடா என்ற கோப்பு முறை மூன்று நிலைகளில் இயங்கியது. இணைப்பு இருக்கும்போது தேவைப்படக்கூடியதை எல்லாம் கருவிக்குள் சேர்த்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் கையிருப்பைக் கொண்டே வேலையைத் தொடரும். மீண்டும் இணைந்ததும், இடைப்பட்ட மாற்றங்களைச் சர்வரோடு ஒப்பிட்டுச் சேர்க்கும். விளைந்த காலத்தில் குலுக்கையில் கொட்டிவைத்துக் கோடையில் எடுத்து உண்ணும் சம்சாரிக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டியதில்லை. நம் பயிற்சிச் செயலியும் அப்படித்தான் அமைய வேண்டும். பயிர்ப் பட்டியலும் ஊர்ப் பட்டியலும் முன்கூட்டியே செல்போனில் இருக்கும். பதிவு முதலில் செல்போனுக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் எழுதப்படும். ‘பதிவாகிவிட்டது, இன்னும் அனுப்பப்படவில்லை’ என்று திரை உள்ளதைச் சொல்லும். உழவர் வீடு திரும்பி சிக்னல் கிடைத்ததும் அவர் தலையீடு இன்றித் தானே போய்ச்சேரும்.

இரண்டாவது கேள்வி இடக்குறிப்பு. இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பொறியியல் மாணவர்களே நினைப்பதுண்டு. ஜி.பி.எஸ். வானிலிருந்து வரும் அலையைக் கேட்கும் கருவி மட்டுமே, அதற்கு டவர் தேவையில்லை. இணையத்தின் துணை இருந்தால் முதல் இடக்குறிப்பு சில நொடிகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் செயற்கைக்கோள்களின் விவரத்தை அவற்றிடமிருந்தே பெற வேண்டும் என்பதால் அரை நிமிடமோ சில நிமிடங்களோ ஆகும். மரமும் மாடியும் மறைக்காத கரிசல் வெளி அதற்கு மிக ஏற்ற இடம். எனவே செயலி பத்து நொடியில் ‘இடம் கிடைக்கவில்லை’ என்று கைவிரிக்காமல், பொறுமையாகக் காத்திருக்கும்படி எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, புகைப்படம். செல்போன் எடுக்கும் படம் 3 எம்.பி. இருக்கலாம். நொடிக்கு 100 கிலோபிட்டாகத் தளர்ந்த இணைப்பில் அது போய்ச்சேர 4 நிமிடம் ஆகும். 100 கே.பி.யாகச் சுருக்கினால் 8 நொடி. எழுத்துப் பதிவு சில நூறு பைட்தான், கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆகவே எழுத்து முதலில், படம் பின்னால். பேட்டரிக்கும் இதில் கணக்குண்டு. ஒருமுறை தகவல் அனுப்பிய பின்பும் செல்போனின் ரேடியோ சில நொடிகள் விழித்தே இருந்து மின்சாரம் குடிக்கும். துளித்துளியாகப் பலமுறை அனுப்புவதைவிடச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவது சிக்கனம்.

நான்காவதுதான் மாணவரின் ஆழத்தைச் சோதிப்பது. பதிவு சர்வருக்குப் போய்விட்டது. ‘கிடைத்தது’ என்ற பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. செல்போன் மறுபடி அனுப்புகிறது. இப்போது ஒரே காட்டுக்கு இரண்டு விதைப்புகள் பதிவாகிவிட்டன. அதிகாரி பார்த்தால் உழவர் பொய்க்கணக்கு எழுதியதாகத் தோன்றும். தேனியில் வைஃபைக்கு வந்த அதே நோய், இங்கே செயலிக்குள். மருந்து எளியது. ஒவ்வொரு பதிவுக்கும் செல்போனிலேயே வேறெங்கும் திரும்பாத ஓர் அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் ‘கிடைத்தது’ என்று மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும். நான்கு வரி நிரல்தான். அந்த நான்கு வரி ஏன் வேண்டும் என்று புரிந்தவர்தான் மொபைல் கம்ப்யூட்டிங் கற்றவர்.

தேர்வும் இதற்கேற்ப இருக்க வேண்டும். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பாருங்கள். பாதியில் செயலியை மூடுங்கள். தேதியைத் தப்பாக வைத்துப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பதிவுகூட தொலையாமலும் இரட்டிக்காமலும் இருந்தால் முழு மதிப்பெண்.

எழுத்தும் குரலும்

தமிழில் செயலி எழுதுவது ஆங்கிலத் தலைப்புகளை மொழிபெயர்ப்பதோடு முடிவதில்லை. ‘கோவில்பட்டி’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் பதினொரு குறியீடுகள். வழக்கமான சேமிப்பு முறையில் 33 பைட். இதில் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரு வேறு ஊர்கள். ஒரு விசைப்பலகையில் உள்ளிட்ட ஊர், மற்றொன்றில் தேடினால் அகப்படாது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்த மாணவரே இந்தப் பிழையைத் தவிர்ப்பார். ‘கோயில்பட்டி’ என்று எழுதுபவரையும் செயலி ஏற்க வேண்டும். குறுஞ்செய்தியிலும் இதே கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு மட்டுமே. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இலேயே செல்லினம் என்ற மென்பொருள் மூலம் செல்போனில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது இத்தகைய நெருக்கடிகளுக்குள் நின்றுதான்.

எழுத்தைவிடக் குரல் எளிதாகக் கைவரும் உழவர்கள் பலர். 1998 வாக்கில் புதுச்சேரி மீனவக் கிராமம் ஒன்றில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தது. கடலுக்குப் போகும் ஆள் திரையைத் தேடி வர வேண்டியிருக்கவில்லை, செய்தி அவர் காதுக்குப் போனது. பின்னாளில் அதே நிறுவனம் குவால்காமோடு சேர்ந்து மீனவர்க்கான செல்போன் செயலியை உருவாக்கியபோது இந்த அனுபவம் அதற்கு அடித்தளமாக இருந்தது.

இன்று தமிழ்நாடு அரசின் உழவன் செயலி (2018), இந்திய வானிலைத் துறை பங்கேற்ற மேகதூத் (2019), மின்னல் எச்சரிக்கைக்கான தாமினி ஆகியவை இருக்கின்றன. அவை பயன்படுகின்றன. ஆனால் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் பொதுவாக எழுதப்படும் செயலி, ‘குறுக்கம்’ என்று நிலத்தை அளந்து பேசுபவரிடம் ஹெக்டேர் என்றுதான் கேட்கும். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசலின் வழக்குச் சொற்களை அகராதியாகவே தொகுத்துத் தந்திருக்கிறார். மண்ணுக்கும் மழைக்கும் பயிருக்கும் இம்மக்கள் வைத்திருக்கும் சொற்களைப் புரிந்துகொள்ளும் குரல்வழிச் செயலியை இம்மண்ணின் மாணவர்களே எழுத முடியும். அதற்கான பேச்சு மாதிரிகள் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றன.

கற்பவரின் கையில் இருப்பது

விருப்பம் மட்டும் போதாது, கருவியும் வேண்டும். 2011 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி. ஆனால் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நினைவகம் 2 ஜி.பி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இன்று குறைந்தபட்சம் 8 ஜி.பி. கேட்கிறது. கணினிக்குள்ளேயே ஒரு பொய்ச் செல்போனை ஓட்டிச் சோதிக்கும் எமுலேட்டர் அதற்கு மேலும் கேட்கும். இதற்காக மாணவர் தயங்க வேண்டியதில்லை. யு.எஸ்.பி. கேபிளில் ஒரு பழைய, மலிவான செல்போனை மாட்டிச் சோதிப்பது எமுலேட்டரைவிடச் சிறந்த வழி. அந்த உழவர் கையில் இருக்கும் செல்போனும் அதுதானே. தொடக்க நிலையினருக்கு உலாவியிலேயே இயங்கும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் உண்டு. ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல். தளத்தில் மொபைல் கம்ப்யூட்டிங்குக்கே முழுப் பாடம் இலவசமாக இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போகன் டுடோரியல் ஜாவா போன்றவற்றைத் தமிழ்க் குரலிலேயே கற்றுத்தருகிறது.

பெருநகரத்துக்குப் போனால்தான் மென்பொருள் எழுத முடியும் என்ற எண்ணத்தையும் மேற்கே சில மணி நேரத் தொலைவில் உள்ள தென்காசி மாற்றிவிட்டது. ஸ்ரீதர் வேம்பு அங்குள்ள மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகத்தை அமைத்ததும், பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்றுத்தரும் சோஹோ பள்ளி அங்கே செயல்படுவதும் தென்மாவட்ட இளைஞர்களுக்குக் கண்முன் நிற்கும் சான்றுகள்.

கோவில்பட்டிக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரிலேயே இருக்கிறது. மானாவாரிப் பருத்தியிலும் சோளத்திலும் ரகங்களைத் தந்த, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவைக்கும் முறையைச் செம்மைப்படுத்திய நிலையம் அது. நூறாண்டுக்கும் மேலான மழைக்கணக்கும் பயிர் அறிவும் ஊரின் ஒரு பக்கம். செயலி எழுதத் தெரிந்த இளைஞர்கள் மறுபக்கம். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் சிலவற்றையாவது இந்த நிலையத்தின் விஞ்ஞானிகளும் கணினிப் பேராசிரியர்களும் சேர்ந்து வழிநடத்தட்டும். புரட்டாசியில் காட்டில் சோதிக்கட்டும். உழவர் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லும் குறையை மதிப்பெண்ணில் சேர்க்கட்டும். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். இரு நிறுவனங்கள் உட்கார்ந்து பேசினால் போதும்.

சிக்னல் நிறைந்த இடத்தில் மட்டும் ஓடும் செயலியை எழுதுபவருக்கு உலகம் முழுவதும் போட்டி. சிக்னல் அறும் இடத்திலும் தகவலைத் தொலைக்காத செயலியை எழுதத் தெரிந்தவர்கள் சிலரே. ஆப்பிரிக்க மலைக்கிராமத்துக்கும் ஆழ்கடல் மீனவருக்கும் வேண்டியவர்கள் அவர்களே. கரிசல் மாணவர் அந்தத் திறனைத் தன் அப்பாவின் காட்டிலேயே கற்க முடியும். கல்லூரிகள் அந்தக் காட்டை ஆய்வகமாக ஏற்க வேண்டும். வரும் புரட்டாசியிலேயே அதைத் தொடங்கலாம்.